பக்கவாட்டுல பார்த்தா எல்லா கப்பலும் அழகுதான்

விக்டோரியா காலத்து பேடில் ஸ்டீமர் வரைபடங்களை ஃபிரேம் போட்டு ஹால்ல மாட்டி வைக்கிற ரசிகர்கள் இருக்காங்க. ரெண்டு பக்கமும் பெரிய சக்கரம் வச்சு, லண்டன், கிளாஸ்கோ ஜனங்களை கடற்கரைக்கு ஒரு நாள் உல்லாசப் பயணம் கூட்டிட்டுப் போன நீராவிக் கப்பல்கள். எனக்கும் ரொம்பப் பிடிக்கும். ஆனா நான் பார்த்தவரைக்கும் மாட்டுறதெல்லாம் பக்கவாட்டுத் தோற்றம் மட்டும்தான். அங்கதான் எனக்கு இடிக்குது.

அந்தப் படம் அழகுதான், சந்தேகமே இல்லை. மெழுகுத்தாள் மாதிரி பின்னாடி இருக்கிறது தெரியிற துணியில மசியால வரைஞ்சிருப்பாங்க. சில படங்கள்ல இரும்புக்கு நீலம், பித்தளைக்கு மஞ்சள்னு வண்ணமும் பூசியிருக்கும். டம்பார்ட்டன்ல இருந்த டென்னி கம்பெனியில 1880கள்லயே பெண்கள் உட்கார்ந்து இந்தப் படங்களை நகல் எடுத்தாங்க. (படத்துல அவங்க பேரைத் தேடாதீங்க, இருக்காது.)

சரி, விஷயத்துக்கு வர்றேன். கப்பலோட குணம் தெரியணும்னா அதே கட்டுல இருக்கிற குறுக்குவெட்டைப் பார்க்கணும். நடுக்கோட்டுக்கு ஒரு பக்கம் முன்பாதி, மறுபக்கம் பின்பாதி. ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும்ங்கிறதால பாதி வரைஞ்சாலே போதும். வெங்காயத்தோல் மாதிரி வளைவுக்குள்ள வளைவு. பார்க்க ஒண்ணும் புரியாது, அதனால யாரும் மாட்டுறதில்லை.

ஆனா கப்பல் எவ்வளவு ஒல்லின்னு அங்கதான் தெரியும். இந்தப் பரம்பரையில இன்னும் இருக்கிற வேவர்லியை எடுத்துக்குங்க. 1946ல கட்டினது, விக்டோரியா காலம் இல்லைதான், ஆனா அமைப்பு அதேதான். நீளம் 239 அடி. சக்கரக்கூடுகளைச் சேர்த்தா அகலம் 57 அடி, உடம்பு மட்டும் 30 அடி. மேல இருந்து பார்த்தா அகலமான கப்பல், தண்ணிக்குள்ள ஒல்லிப்பிச்சான்! வேகத்துக்காக அப்படி. வேடிக்கை பார்க்க கூட்டம் ஒரு பக்கமா சாய்ஞ்சா, அந்தப் பக்கச் சக்கரம் ஆழமா முங்கும், எதிர்ப்பக்கச் சக்கரம் மேல தூக்கும்.

இப்போ பிரின்சஸ் ஆலிஸ். 1865ல கட்டினது. 219 அடி நீளம், 20 அடி அகலம். அதாவது பதினொன்றுக்கு ஒன்று. 936 பேரை ஏத்தலாம்னு அரசாங்கமே அனுமதி கொடுத்திருந்தது. உயிர்காக்கும் படகுகள் ரெண்டே ரெண்டு. 1878 செப்டம்பர் 3 ராத்திரி, உல்லாசப் பயணம் முடிஞ்சு தேம்ஸ்ல திரும்பி வரும்போது பைவெல் காசில்ங்கிற நிலக்கரிக் கப்பல் நடுவயித்துல மோதுச்சு. சில நிமிஷத்துல உடைஞ்சு முழுகிடுச்சு. 600 பேருக்கு மேல செத்தாங்க. எத்தனை பேர் ஏறினாங்கன்னே சரியான கணக்கு கிடையாது.

மோதலுக்குக் காரணம் ஒல்லி உடம்பு இல்லை, எந்தப் பக்கம் ஒதுங்குறதுங்கிற குழப்பம். ஒத்துக்கிறேன். ஆனா மோதின பிறகு நடந்ததுக்கு? 936ங்கிற எண்ணையும் ரெண்டு படகையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க. இதுல ரகசியம் ஒண்ணுமே இல்லை. ஆற்றங்கரையில நின்னு யார் வேணா எண்ணியிருக்கலாம்.

"அட, சுவத்துல மாட்டுற படத்துக்கு இவ்ளோ விசாரணையா?"ன்னு கேப்பீங்க. ஓவியம்னா விட்டுடலாம். இது வேலைக்கான காகிதம் சார். ஒவ்வொரு கோடும் யாரோ எடுத்த முடிவு. எத்தனை பெஞ்சு, எத்தனை படகு, கூட்டம் எங்க நிக்கும், எல்லாம் அதுல இருக்கு. அதுல லட்சணமான ஒரு தாளை மட்டும் உருவி வித்தா, அந்த முடிவெல்லாம் கண்ணுக்கே படாமப் போயிடுது.

டென்னி கம்பெனி 1963ல மூடினாலும் அவங்க வரைபடங்கள் கிரீனிச் கடல்சார் அருங்காட்சியகத்துல பத்திரமா இருக்கு. இந்த மாதிரி பிரிண்ட் போட்டு விக்கிறவங்க குறுக்குவெட்டையும் மேல்தளப் படத்தையும் சேர்த்து ஒரே செட்டா கொடுக்கணும்ங்கிறதுதான் என் கட்சி. அதுவரைக்கும், வாங்குறவங்க அளவுகோல் கோட்டை வெட்டாத பிரிண்டா பார்த்து வாங்குங்க. ஒரு ஸ்கேலை வச்சு நீங்களே அளந்துடலாம் :-)