பூஜ்யத்துக்குத் திரும்பினால் போதுமா?



டெக்சாஸில் இருக்கும் என் பழைய மாணவன் ஒருவன் குறிபார்த்துச் சுடும் விளையாட்டில் இறங்கியிருக்கிறான். 300 கெஜத்தில் நன்றாகச் சுடுகிறான். 1000 கெஜத்தில் குண்டு ஒவ்வொரு முறையும் கீழே போகிறது. காற்றைத் திட்டினான். தோட்டாவை இரண்டு தடவை மாற்றினான். இப்போது குழலையே மாற்றப் போகிறானாம். ‘ஸ்கோப்பைச் சோதித்தாயா?’ என்று கேட்டேன். ‘பெட்டிச் சோதனை பாஸ் சார், விலையும் அதிகம்’ என்றான். நம் குழுவில் பத்துப் பேர் அதற்குக் கட்டைவிரல் காட்டினீர்கள். அதனால்தான் இந்தப் பதிவு.

பெட்டிச் சோதனை என்றால் குமிழை மேலே, வலப்பக்கம், கீழே, இடப்பக்கம் என்று ஒரே எண்ணிக்கையில் திருகி, தொடங்கிய இடத்துக்கே குண்டு வருகிறதா என்று பார்ப்பது. வந்தால் என்ன நிரூபணம்? திரும்பி வருகிறது என்பது மட்டும்தான். காலியாக இருக்கும்போது பூஜ்யம் காட்டும் தராசு, 970 கிராமை ஒரு கிலோ என்று காட்டாதா? எல்லாப் பக்கமும் 3 சதவீதம் குறைவாக நகரும் ஸ்கோப்பும் அழகான பெட்டிதான் போடும். பெட்டி கொஞ்சம் சின்னது, அவ்வளவுதான்.

சரியாக 100 கெஜத்தை நாடாவால் அளந்து, பலகையில் தூக்குக்குண்டு வைத்துச் செங்குத்துக் கோடு போடு, தோட்டா இல்லாத துப்பாக்கியை அசையாமல் இறுக்கு, 30 எம்.ஓ.ஏ. திருகி, குறிக்கம்பி எவ்வளவு நகர்ந்தது என்று பார் என்றேன். பார்த்தான். ‘முப்பதரை அங்குலம் சார்! அரை அங்குலம் கூடுதலாகவே இருக்கிறது’ என்று குதித்தான்.

இங்கேதான் எனக்குக் கோபம் வந்தது. எம்.ஓ.ஏ. என்பது கோணம், ஒரு பாகையில் 60இல் ஒரு பங்கு. 100 கெஜத்தில் அது 1 அங்குலம் அல்ல, 1.047 அங்குலம். முப்பதுக்கு 31.4 வர வேண்டும். வந்தது 30.5. ஏறக்குறைய 3 சதவீதம் குறைவு. 1000 கெஜத்தில் அதே 30 எம்.ஓ.ஏ.க்கு 9 அங்குலம் கீழே! கொஞ்சம் திருகும் 300 கெஜத்தில் இது கண்ணுக்கே தெரியாது. நிறையத் திருகும் இடத்தில்தான் பல்லைக் காட்டும். குழலை மாற்ற வேண்டாம், கணக்கை 1.03ஆல் பெருக்கு, 30க்கு 31 திருகு. செலவு ஒரு அளவுநாடா.

‘விலை அதிகம்’ என்பது அளவீடு அல்ல. குமிழில் அச்சடித்த எண் செய்தவர் தரும் வாக்குறுதி. அதைச் சரிபார்ப்பது வாங்கியவர் வேலை.

ஆனால் அவனை மட்டும் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. திருகு அளவியில் சுழிப்பிழை பார்க்கச் சொல்லிக்கொடுத்தேன். பிழையைத் திருத்திவிட்டால் கருவி சரி என்று உங்களை நம்ப வைத்தேன். தெரிந்த தடிமன் ஒன்றை வைத்து அளந்து பாருங்கள் என்று ஒரு நாளும் சொன்னதில்லை. கம்பியின் விட்டம் ‘வர வேண்டிய’ விடையாக வராதபோது, நேர்மையாக எழுதிய பிள்ளைக்கு மதிப்பெண் குறைத்தேன். பக்கத்து நோட்டைப் பார்த்து எழுதியவனுக்கு முழு மதிப்பெண் போட்டேன். அது என் தவறு. இன்றைக்கு ஒப்புக்கொள்கிறேன்.

மறுத்துப் பேச வருகிறவர்கள் தாராளமாக வாருங்கள். ஆனால் அளந்த எண்ணோடு வாருங்கள்.

அன்புடன்,
உங்கள் இயற்பியல் வாத்தியார்