ரோடு வரட்டும், வாய்க்கால் மேல் வேண்டாம்!

"ரோடு வந்தால் ஊர் வளரும், மனை விலை ஏறும். அதைப் போய் யாராவது தடுப்பார்களா?" என்று எங்கள் தெருவிலேயே சிலர் கேட்கிறார்கள். அவர்களுக்கும், இதே நிலைமையில் இருக்கும் மற்ற சகோதரிகளுக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

நாங்கள் இருப்பது செங்கல்பட்டு மாவட்டத்தில் ஒரு ஊராட்சி. ஏரிக்கு அந்தப் பக்கம் புதிதாக வீட்டு மனைகள் போட்டிருக்கிறார்கள். அங்கே போக எங்கள் தெருவை நீட்டி ரோடு போட வேண்டுமாம். நீட்டப் போகிற இடத்தில் இருப்பதோ ஏரியின் உபரிநீர் வாய்க்கால். "அதை மூடி, அடியில் ஒரு குழாய் பதித்துவிட்டால் போச்சு" என்கிறார்கள். மழைக்காலத்தில் கலங்கலில் தண்ணீர் விழுகிற வேகத்தைப் பார்த்தவர்கள் யாரும் இப்படிச் சொல்ல மாட்டார்கள்.

கிழக்குப் பக்கம் பழைய வண்டிப்பாதை ஒன்று இருக்கிறது. அரை கிலோமீட்டர் சுற்று, அவ்வளவுதான். அதை அகலப்படுத்தலாமே என்று கேட்டால் பதில் இல்லை. ஏனென்றால் அங்கே இருபுறமும் பட்டா நிலம். காசு கொடுத்து வாங்க வேண்டும். வாய்க்கால் என்றால் புறம்போக்கு, செலவில்லை. விஷயம் இவ்வளவுதான்.

2015 டிசம்பரில் முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் வீடுகள் மூழ்கியதை மறக்க முடியுமா? பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தின் பெரும்பகுதி கட்டடங்களாகவும் குப்பை மேடாகவும் மாறிய பிறகுதான், மிச்சம் இருந்தது 2022-ல் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. போனது போனதுதானே! வீட்டுக்குள் தண்ணீர் வந்தால் ஆண்கள் வேலைக்குப் போன இடத்தில் மாட்டிக்கொள்வார்கள். அரிசி மூட்டையையும், பிள்ளைகளின் சர்டிபிகேட்டையும், படுத்த படுக்கையாக இருக்கும் மாமியாரையும் மேலே ஏற்றுவது யார்? நாம்தான்.

அதனால் நாங்களே கிளம்பினோம். மத்தியான நேரத்தில் வீடு வீடாகப் போய் கையெழுத்து வாங்கினோம். தகவல் உரிமைச் சட்டம் 2005-லேயே வந்துவிட்டது. 10 ரூபாய் ஸ்டாம்ப் ஒட்டி மனு போட்டு, அந்த இடத்தின் புல வரைபடத்தை வாங்கினோம். அதில் வாய்க்கால் என்று தெளிவாகவே போட்டிருந்தது. அக்டோபர் 2 கிராம சபையில் அந்தப் படத்தைக் காட்டிப் பேசினோம். முதலில் "பொம்பளைங்களுக்கு இதெல்லாம் என்னம்மா தெரியும்?" என்றார்கள். படத்தை விரித்ததும் பேச்சு அடங்கிவிட்டது. தீர்மானத்தை நோட்டில் எழுதி, எல்லோருக்கும் கேட்கும்படி படித்த பிறகுதான் எழுந்தோம். அளக்க வந்தவர்கள் இப்போதைக்குத் திரும்பிப் போயிருக்கிறார்கள். மறுபடியும் வருவார்கள் என்பது எங்களுக்கும் தெரியும்.

"நீங்க இருக்கிற வீடும் ஒரு காலத்தில் வயல்தானே?" என்று ஒருவர் கேட்டார். வாஸ்தவம்தான். வயலில் வீடு கட்டினால் அந்த வயலோடு போகும். வாய்க்காலை அடைத்தால் ஊரே அல்லவா போகும்? இன்னொன்று, கலங்கல் தண்ணீர் போக வழியில்லாமல் ஏரி எதுக்களித்தால் முதலில் நனையப் போவது அந்தப் புது மனைகள்தான். அங்கே வாங்கியிருப்பவர்களும் நம்மைப் போல நகையை அடகு வைத்து வாங்கியவர்கள்தானே! அவர்களுக்கும் ரோடு வேண்டும். வண்டிப்பாதை வழியாக வரட்டும் என்றுதான் சொல்கிறோம்.

சகோதரிகளே, ஊரில் கிராம சபை என்றால் "அது ஆம்பளைங்க சமாச்சாரம்" என்று இருந்துவிடாதீர்கள். அங்கே உங்களுக்கும் ஒரு நாற்காலி உண்டு. மனை வாங்கப் போகிறவர்கள், புரோக்கர் காட்டும் கலர் படத்தோடு தாலுகா ஆபீசில் இருக்கும் புல வரைபடத்தையும் ஒருமுறை பாருங்கள். நகையைப் பிறகு மீட்டுக்கொள்ளலாம். வாய்க்காலை மீட்க முடியாது.

- ஒரு வாசகி, செங்கல்பட்டு மாவட்டம்.