வகுப்பறைக்கு ஒரு குடவோலை

ஆசிரியர் வினாத் தொடுக்கிறார். முன்வரிசையில் மூன்று கைகள் உயர்கின்றன. விடை வருகிறது, பாடம் நகர்கிறது. அறுபது பேர் அமர்ந்திருக்கும் வகுப்பில், அந்த மூவருக்கும் ஆசிரியருக்கும் இடையே நடக்கும் உரையாடலை மற்றவர்கள் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

பட்டம் பெறும் நாள்வரை வகுப்பில் ஒருமுறையேனும் வாய் திறவாத நண்பர்கள் நம்மிடையே உண்டு. அவர்களுக்கு அறிவு குறைவு என்று எவரும் சொல்லிவிட முடியாது. குடும்பத்திலேயே முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவர்கள் பலர். தவறாகச் சொன்னால் சிரிப்பார்களோ என்ற அச்சம் அவர்கள் நாவைக் கட்டிவிடுகிறது. கைதூக்குவதற்கும் துணிச்சல் வேண்டும். அந்தத் துணிச்சல் எல்லா வீடுகளிலும் ஒரே அளவில் வளர்வதில்லை.

ஆகவே, பெயர்ச் சீட்டுகளைக் குலுக்கி எடுத்து மாணவரை அழைப்பதே நேர்மையான முறை என்பேன்.

இது நமக்குப் புதிதன்று. உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிலில் முதலாம் பராந்தக சோழன் காலத்து 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் குடவோலை முறையை விளக்குகின்றன. ஊரின் 30 குடும்புகளிலிருந்தும் தகுதியுடையோர் பெயர்களை ஓலைகளில் எழுதிக் குடத்திலிட்டனர். எல்லோரும் காணும்படி குடத்தை உயர்த்திக் காட்டி, ஒரு சிறுவனைக் கொண்டு ஓலையை எடுக்கச் செய்தனர். முந்தைய மூன்றாண்டுகளில் வாரியத்தில் இருந்தவர் பெயருக்கு அங்கே இடமில்லை. நிலமும் கல்வியும் உடையோருக்கே அந்தக் குடத்தில் ஓலை இருந்தது என்பதும் வரலாறுதான். நம் வகுப்புக் குடத்திலோ அறுபது பேருக்கும் ஓலை உண்டு!

மேலைநாட்டிலும் இதைச் செய்து பார்த்திருக்கிறார்கள். டிலன் வில்லியம் என்ற கல்வியாளர் இங்கிலாந்துப் பள்ளி ஒன்றில் கைதூக்கும் வழக்கத்தை நிறுத்தி, பெயர் எழுதிய குச்சிகளை எடுத்து மாணவரை அழைக்கச் செய்தார். 2010இல் பி.பி.சி. தொலைக்காட்சி அதனை ஒளிபரப்பியது. எப்போதும் கைதூக்கி வந்த கெட்டிக்கார மாணவர்களே முணுமுணுத்தார்கள் என்பது கவனிக்கத்தக்கது.

கணித மாணவர்களுக்கு இதில் ஒரு நுட்பம் உண்டு. எடுத்த சீட்டை மீண்டும் குடத்தில் போட்டு அறுபது முறை எடுத்தால், சராசரியாக 22 பேர் ஒருமுறைகூட அழைக்கப்படமாட்டார்கள். எடுத்த சீட்டை ஒதுக்கி வைத்தால் அறுபதாவது வினாவிற்குள் அனைவர் பெயரும் வந்துவிடும். ஆனால் முதலில் அழைக்கப்பட்டவர் 'நம் பாடு தீர்ந்தது' என்று உறங்கிவிடுவார். எனவே ஒதுக்கியவற்றில் ஒன்றிரண்டை இடையிடையே திரும்பப் போட்டுவைப்பது நலம். கைபேசியில் சக்கரம் சுழற்றிப் பெயர் சொல்லும் செயலிகளும் இன்று உள்ளன. எனினும் குடத்தை மேசைமீது வைத்தால் எல்லோரும் பார்க்கலாம், ஐயத்திற்கு இடமில்லை.

"கூச்சமுள்ளவரை எழுப்பி நிறுத்தி அவமானப்படுத்துவது ஆகாதா?" என்று சிலர் கேட்பர். நியாயமான கேள்வியே. பெயரை முதலில் சொல்லிவிட்டு வினாவைப் பிறகு கேட்டால் அது வேட்டையாகத்தான் முடியும். வினாவை முதலில் கேட்க வேண்டும். சற்றுப் பொறுக்க வேண்டும். பிறகே சீட்டு எடுக்க வேண்டும். 1970களில் மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர், வினாக் கேட்ட ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடியே காத்திருப்பதைக் கண்டார். மூன்று விநாடி பொறுத்தபோது விடைகள் நீண்டன. விடையின்றி நிற்பது குறைந்தது.

இன்னொரு நிபந்தனையும் உண்டு. "தெரியவில்லை ஐயா" என்று சொல்லும் உரிமை சீட்டு விழுந்தவருக்கு வேண்டும். அதற்கு ஆசிரியர் சினக்கலாகாது, நாமும் சிரிக்கலாகாது. இந்த ஒழுக்கம் இல்லாத வகுப்பில் குடவோலை தண்டனைக் கருவியாகிவிடும்.

பேராசிரியப் பெருமக்களே, இதற்குச் செலவில்லை, அரசாணையும் வேண்டியதில்லை. பழைய விடைத்தாளின் ஓரத்தைக் கிழித்தால் அறுபது சீட்டுகள் ஆகும். மாணவ நண்பர்களே, கடைசி வரிசைத் தோழன் எழுந்து தடுமாறும்போது மூன்று விநாடி அமைதியாயிருப்போம். அவன் சொல்லப்போவது நாம் அறியாத ஒன்றாகவும் இருக்கலாம்.