கண்ணுக்குத் தெரியாத வேலி

சகோதரிகளே, தன் பிள்ளைக்கு ஓர் ஆபத்தும் வரக்கூடாது என்று நினைக்காத தாய் உலகில் இல்லை. அந்த நினைப்பு எந்த இடத்தில் பிள்ளைக்குச் சிறையாகிறது? ஒரு பழங்கதையைக் கொண்டு சிந்தித்துப் பார்ப்போம்.

பண்டைய கிரேக்கர்களின் கதைகளில் சர்சி என்றொரு மந்திரக்காரி வருகிறாள். ஹோமரின் ‘ஒடிசி’ காவியத்தில் மாலுமிகளைப் பன்றிகளாக்கியவள் அவள்தான். ஆனால் அமெரிக்க எழுத்தாளர் மெடலின் மில்லர் 2018இல் வெளியிட்ட ‘சர்சி’ என்ற நாவலில் அவளை ஒரு தாயாகவும் காண்கிறோம்.

ஒடிசியஸுக்குப் பிறந்த மகன் டெலகோனஸைத் தனித்தீவொன்றில் அவள் ஒருத்தியாகவே வளர்க்கிறாள். கிரேக்கர்கள் தெய்வமென நம்பிய அதீனா, அந்தக் குழந்தையின் உயிருக்கு உலை வைக்கிறாள். தாய் தீவைச் சுற்றி மந்திர வேலி போடுகிறாள். அதைத் தளரவிடாமல் 16 ஆண்டுகள் தாங்கிக் களைத்துப் போகிறாள். மகனுக்கோ எதிரியையும் தெரியாது, வேலியையும் தெரியாது. தகப்பனைத் தேடிப் போக இரகசியமாகப் படகு கட்டுகிறான்.

விஷயம் தெரிந்ததும் சர்சி கோபப்படுகிறாள். பின்பு உண்மையைச் சொல்லி அனுமதிக்கிறாள். ஆனாலும் மனம் கேட்கவில்லை. ஆழ்கடலில் இறங்கி, திருக்கை வடிவான ஓர் உயிரின் நச்சு வாலைப் பெற்று வந்து, மகனின் ஈட்டியில் பொருத்துகிறாள். மகன் பத்திரமாகத் திரும்புகிறான். அந்த நஞ்சு கீறி இறந்ததோ அவனுடைய தகப்பன்!

சர்சியின் அன்பும் மெய், ஆபத்தும் மெய். ஆனால் காரணம் அறியாத பிள்ளைக்குக் காவலும் கொடுமையாகவே தெரியும். அந்த ஈட்டியையும் யோசித்துப் பாருங்கள். ‘எவரையும் நம்பாதே’ என்ற அச்சத்தை மட்டும் கொடுத்துப் பிள்ளையை வெளியே அனுப்பினால், அது அவனை நேசிக்க வருபவரையே காயப்படுத்தலாம்.

பின்னர் அதீனா மகனுக்கு ஓர் அரசை வழங்க முன்வருகிறாள். தாய்க்குத் துளியும் விருப்பமில்லை. இம்முறை அவள் வேலி போடவில்லை. முடிவை அவனிடமே விடுகிறாள். அவன் போகிறான்.

நீங்கள் எதற்கு அஞ்சுகிறீர்கள் என்பதைப் பிள்ளையின் வயதுக்கேற்பச் சொல்லிக் கொடுங்கள். சின்னச் சின்னப் பொறுப்புகளை இன்றே ஒப்படையுங்கள். என்றோ ஒரு நாள் அவர்கள் படகேறத்தான் போகிறார்கள். அன்று இரகசியமாகப் போகாமல், உங்களிடம் சொல்லிவிட்டுப் போகட்டுமே!