கருணைத் தொகை இழப்பீடு ஆகாது

2023 ஜூலை 29 அன்று கிருஷ்ணகிரி பழையபேட்டையில் பட்டாசுக் கிடங்கு வெடித்து 9 பேர் மாண்டனர். அதே ஆண்டு அக்டோபர் 7 அன்று, ஓசூரைக் கடந்ததும் வரும் கர்நாடக எல்லையூரான அத்திப்பள்ளியில், பட்டாசுக் கடையொன்று தீப்பற்றி 14 பேர் அன்றே உயிரிழந்தனர். மருத்துவமனையில் நேர்ந்த மரணங்களால் அந்த எண்ணிக்கை பின்னர் மேலும் உயர்ந்தது. தீபாவளிப் பருவ வேலைக்காகத் தமிழ்நாட்டிலிருந்து சென்ற இளைஞர்களே அங்கு பெரும்பாலும் இறந்தார்கள். படிப்புச் செலவுக்காக விடுமுறை நாளில் வேலைக்குச் சென்ற மாணவர்களும் அவர்களுள் இருந்தனர்.

இரண்டு நிகழ்வுகளிலும் இறந்தோர் குடும்பங்களுக்குத் தமிழ்நாடு அரசு தலா 3 லட்சம் ரூபாய் அறிவித்தது. அத்திப்பள்ளி விபத்துக்குக் கர்நாடக அரசு 5 லட்சம் அறிவித்தது. அறிவிப்புகள் நாளேடுகளில் வந்ததோடு, இழப்பீடு கொடுத்தாகிவிட்டது என்ற எண்ணம் பொதுமக்களிடம் படிந்தது. அந்த எண்ணம் தவறானது. அரசு தந்தது கருணைத் தொகை. அது மக்கள் வரிப்பணத்திலிருந்து, அரசின் விருப்பத்தின்பேரில் வழங்கப்படுவது. இழப்பீடு என்பது வேலை வாங்கியவர் தரவேண்டிய கடன். முன்னதைப் பெற்றதால் பின்னது தீராது.

பர்கூர் சிப்காட் தொழிற்பேட்டை, சுற்றியுள்ள கிரானைட் பட்டறைகள், ஓசூரின் ஆலைகள் என்று இப்பகுதியின் எந்தப் பணியிடத்தில் விபத்து நேர்ந்தாலும் இந்த வேறுபாடு விளங்கவேண்டியவர்களுக்கு விளங்காமலே போகிறது. ஒப்பந்ததாரரும் ஊர்ப் பெரியவர்கள் சிலரும் கூடி, ஒரு தொகையைப் பேசி முடித்து, இனி எவ்விதக் கோரிக்கையும் இல்லை என்று முத்திரைத்தாளில் கையொப்பம் வாங்குவது வழக்கமாகிவிட்டது. ஈமச்சடங்குக்கே கடன் வாங்கிய குடும்பம் அந்த நேரத்தில் எதிலும் கையொப்பமிடும்.

அத்தகைய தாளுக்குச் சட்டத்தில் என்ன மதிப்பு? 1923ஆம் ஆண்டின் பணியாளர் இழப்பீட்டுச் சட்டம் இதைத் தெளிவாகவே சொல்கிறது. தொழிலாளி தன் இழப்பீட்டு உரிமையை விட்டுக்கொடுக்கும் எந்த ஒப்பந்தமும் பிரிவு 17இன்படி செல்லாது. மரணம் நேர்ந்தால் இழப்பீட்டை ஆணையரிடமே செலுத்தவேண்டும். முதலாளி குடும்பத்தாரிடம் நேரடியாகக் கொடுத்த பணம், சிறு முன்பணம் நீங்கலாக, இழப்பீடாகக் கருதப்படாது என்கிறது பிரிவு 8. காயமுற்றவரோடு சமரசம் செய்துகொண்டால் அதையும் ஆணையரிடம் பதிவுசெய்யவேண்டும். தொகை போதாது என்று கண்டால் அவர் பதிவை மறுக்கலாம். பசியும் துயரமும் சூழ்ந்த வேளையில் தொழிலாளி பேரம்பேச வலுவற்றவர் என்பதை அறிந்தே சட்டம் இந்த வேலிகளைப் போட்டது.

தொகையைக் கணக்கிடும் முறையை ஒவ்வொரு செயற்பாட்டாளரும் அறிந்திருக்கவேண்டும். மரணம் என்றால் மாத ஊதியத்தில் 50 விழுக்காட்டையும், நிரந்தர முழு ஊனம் என்றால் 60 விழுக்காட்டையும், வயதுக்கேற்ப அட்டவணையில் உள்ள காரணியால் பெருக்கவேண்டும். 2020 ஜனவரி முதல் கணக்குக்கான ஊதிய உச்சவரம்பு 15,000 ரூபாய். 20 வயதுக்கான காரணி 224. ஆகவே மாதம் 15,000 ரூபாய் ஈட்டிய 20 வயது இளைஞர் இறந்தால் 7,500ஐ 224ஆல் பெருக்க, 16,80,000 ரூபாய் வருகிறது. 3 லட்சத்தையும் இந்தத் தொகையையும் அருகருகே வைத்துப் பார்த்தால், ஒரு குடும்பம் அறியாமலே எதை இழக்கிறது என்பது புரியும்.

உடலுறுப்பு இழப்புக்கும் அட்டவணை உண்டு. கட்டைவிரல் போனால் 30 விழுக்காடு. 15,000 ரூபாய் ஊதியம் பெறும் 30 வயதுத் தொழிலாளிக்கு, காரணி 207.98 என்ற கணக்கில், 5,61,546 ரூபாய் கிடைக்கும். ஆனால் அட்டவணையே முடிந்த முடிவன்று. இடக்கையை இழந்த தச்சர் ஒருவரின் வழக்கில், அவரால் இனித் தச்சு வேலை செய்ய இயலாது என்பதால் அது முழு ஊனமே என்று பிரதாப் நாராயண் சிங் தேவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1975 டிசம்பரில் ஏற்றுக்கொண்டது. விபத்து நடந்த நாளிலேயே இழப்பீடு கடனாகிவிடுகிறது என்றும் அத்தீர்ப்பு கூறியது. ஒரு மாதத்துக்குள் தராவிட்டால் ஆண்டுக்கு 12 விழுக்காடு வட்டியும், தக்க காரணமின்றித் தாமதித்தால் 50 விழுக்காடு வரை அபராதமும் சேரும்.

இந்தச் சூத்திரத்துக்குள் சாதி எவ்வாறு நுழைகிறது என்பதையும் நாம் பார்க்கவேண்டும். சட்டத்தில் சாதியின் பெயர் இல்லை, ஊதியம் இருக்கிறது. நிலமற்ற தலித் குடும்பத்திலிருந்து வருபவர் மேஸ்திரி மூலம், ரொக்கக் கூலிக்கு, ஊதியச் சீட்டின்றி வேலைக்குச் சேர்கிறார். 15,000 ஈட்டுபவரின் ஊதியம் விபத்துக்குப் பின் தாளில் 9,000 ஆகிறது. மேற்சொன்ன கட்டைவிரலின் மதிப்பு உடனே சுமார் 3,37,000 ஆகச் சுருங்குகிறது. சந்தையில் உழைப்புக்கு வைத்த குறைந்த விலை, நீதிமன்றத்தில் உடலுக்கும் விலையாகிவிடுகிறது.

வேறு வழி இல்லாமலில்லை. கழிவுநீர்க் குழிகளில் இறப்போருக்கு 10 லட்சம் ரூபாய் தரவேண்டும் என்று 2014 மார்ச்சில் சஃபாய் கரம்சாரி ஆந்தோலன் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. 2023 அக்டோபர் 20 அன்று, பல்ராம் சிங் வழக்கில், அதை 30 லட்சமாக உயர்த்தியது. நிரந்தர ஊனத்துக்குக் குறைந்தது 20 லட்சம் என்றது. இறந்தவர் வாங்கிய கூலி எவ்வளவு என்று அங்கே யாரும் கேட்கவில்லை. பணியாளர் இழப்பீட்டுச் சட்டத்திலோ மரணத்துக்கான குறைந்தபட்சத் தொகை 2010 முதல் 1,20,000 ரூபாய். பாதாளச் சாக்கடையில் ஏற்றுக்கொள்ளப்பட்ட நியாயம் பட்டாசுக் கிடங்குக்கும் கிரானைட் பட்டறைக்கும் ஏன் பொருந்தக்கூடாது? கூலியைச் சாராத, உயிருக்குரிய ஓர் அடிப்படைத் தொகை வேண்டும் என்பதே நம் கோரிக்கையாக இருக்கவேண்டும்.

பாதிக்கப்பட்டவர்களைக் கேட்காமல் சமரசம் பேசினால் என்ன ஆகும் என்பதற்குப் போபால் சான்று. 300 கோடி டாலருக்கு மேல் கோரிய இந்திய அரசு, 1989 பிப்ரவரியில் 47 கோடி டாலருக்கு உடன்பட்டது. கூடுதல் இழப்பீடு கோரி அரசே பின்னர் தாக்கல் செய்த சீராய்வு மனுவை 2023 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. நீதிமன்ற முத்திரையோடு முடிந்த சமரசத்தைத் திறப்பது எளிதன்று. கையொப்பத்துக்கு முந்தைய நாள்களே முக்கியமானவை.

அந்த நாள்களில் செய்யவேண்டியவை சில. முதல் தகவல் அறிக்கை, மருத்துவமனை விபத்துப் பதிவேட்டின் நகல், காயச் சான்றிதழ் ஆகியவற்றைப் பெறவேண்டும். கூலி வந்த வங்கிக் கணக்கு, கைப்பேசிப் பணப்பரிமாற்றம், மேஸ்திரியின் குறுஞ்செய்தி, உடன் வேலைசெய்தோரின் சாட்சியம் ஆகியவற்றால் உண்மை ஊதியத்தை நிறுவவேண்டும். எங்களிடம் வேலை செய்யவில்லை, ஒப்பந்ததாரரைக் கேளுங்கள் என்று ஆலை கைகழுவ முடியாது. தன் தொழிலின் பகுதியான வேலைக்கு முதன்மை முதலாளியும் பொறுப்பு என்கிறது பிரிவு 12. மரணத்திலும் முழு ஊனத்திலும், தொழிலாளியே விதியை மீறினார் என்ற வாதம் எடுபடாது. ஈ.எஸ்.ஐ. பொருந்தும் ஆலையென்றால் கோரிக்கை அங்கே செல்லும். முதலாளி சந்தா கட்டாமல் விட்டிருந்தாலும் தொழிலாளியின் உரிமை போகாது.

எல்லைப்புற மக்களுக்கு இன்னொன்றும் தெரியவேண்டும். விபத்து கர்நாடகத்தில் நடந்திருந்தாலும், கோருபவர் வசிக்கும் பகுதியின் ஆணையரிடமே மனு அளிக்கலாம். பர்கூரிலிருந்து பெங்களூருவுக்கு அலையவேண்டியதில்லை. மனுவுக்கான காலவரம்பு இரண்டு ஆண்டுகள். தக்க காரணம் காட்டினால் தாமதம் மன்னிக்கப்படலாம்.

2025 நவம்பர் 21 முதல் இச்சட்டத்தின் இடத்தைச் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பின் ஏழாம் அத்தியாயம் பிடித்துள்ளது. ஆணையர் இப்போது தகுதிவாய்ந்த அதிகாரி எனப்படுகிறார். உரிமையை விட்டுக்கொடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்ற விதி தொடர்கிறது. வேலைக்குப் போகும்போதும் திரும்பும்போதும் நேரும் விபத்துகளும் வேலையோடு தொடர்புடையவையாயின் இப்போது அடங்கும்.

பர்கூர் பொறியியல் கல்லூரியிலோ கிருஷ்ணகிரிக் கலைக் கல்லூரியிலோ படிக்கும் மாணவர்கள் இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதித் தம் ஊர்ச் சேரிகளில் ஒட்டலாம். வயது, ஊதியம், காரணி என்ற மூன்று எண்களைப் போட்டுப் பெருக்கத் தெரிந்த ஒருவர் தெருவில் இருந்தால், முத்திரைத்தாளோடு வருபவரிடம் குடும்பத்தார் கேட்கும் முதல் கேள்வியே மாறிவிடும்.