பதினெட்டுக்குப் பிறகு யார் கையெழுத்து?

டோபி காட் எம்ஆர்டி நிலையத்தில் மூன்று ரயில் தடங்கள் சந்திக்கின்றன. அவசரத்தில் நாமே சில சமயம் தவறான மின்படிக்கட்டில் ஏறிவிடுவோம். அறிவுத்திறன் குறைபாடுள்ள ஓர் இளையர் அங்கே தனியாக ரயில் மாறி வேலைக்குப் போகிறார் என்றால், யாரோ ஒருவர் பல நாள் கூடவே நடந்து பழக்கியிருப்பார். பெரும்பாலும் அது அம்மாவாக இருக்கும். பெற்றோரைப் பிரிந்து வளர்ந்த பிள்ளைக்கு அது வளர்ப்புத் தாயாராக இருக்கலாம்.

அந்த உறவுக்குத்தான் ஒரு காலக்கெடு இருக்கிறது. சிங்கப்பூரில் 1956ல் தொடங்கிய வளர்ப்புப் பராமரிப்புத் திட்டம் பொதுவாக 18 வயது வரைக்கும்தான். 16 வயதுக்கு உட்பட்டோருக்கு இருந்த சட்டப் பாதுகாப்பு 18 வயதுக்கு உட்பட்டோருக்கும் என்று 2019ல் திருத்தப்பட்டது நல்ல மாற்றம். ஆனால் பிள்ளை சிறப்புக் கல்விப் பள்ளியை விட்டு வெளியே வருவதும் ஏறக்குறைய அதே வயதில்தான். பள்ளி, மாதாந்தர உதவித்தொகை, சமூக ஊழியரின் வருகை எல்லாம் ஒன்றாக நின்றால் யாருக்கும் தலை சுற்றும். “பதினெட்டு ஆயிடுச்சே, இன்னுமா வச்சிருக்கீங்க?” என்று கேட்கும் உறவினர்களுக்கும் குறைவில்லை.

வேலைக்காவது வழி உண்டு. பள்ளியிலிருந்து வேலைக்கு மாறுவதற்கான திட்டம், எஸ்ஜி எனேபல் அமைப்பின் பயிற்சிகள் என்று கேட்டுப் போக இடம் இருக்கிறது.

கையெழுத்துதான் சிக்கல். 21 வயதானவருக்காக முடிவெடுக்கும் உரிமை பெற்ற தாய்க்கே தானாக வந்துவிடாது. முடிவெடுக்கும் ஆற்றல் இல்லாதவருக்கு, மனத்திறன் சட்டத்தின்கீழ் நீதிமன்றம் ஒரு பிரதிநிதியை நியமிக்கலாம். அவர் ரத்த உறவாக இருக்கவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. வளர்ப்புத் தாயாரும் விண்ணப்பிக்கலாம். வங்கிக் கணக்கு தொடங்கும் நாளிலோ அறுவை சிகிச்சைக்கு முதல் நாளிலோ இதைத் தேடி ஓடுவது வீண் அலைச்சல். பிள்ளைக்கு 16, 17 வயது இருக்கும்போதே சமூக ஊழியரிடம் பேசத் தொடங்குங்கள். பெற்றோர் உயிருடன் இருந்தால் அவர்களிடமும் பேசவேண்டியிருக்கும்.

குறைபாடு உள்ளவர்களுக்கெல்லாம் முடிவெடுக்கத் தெரியாது என்று நினைத்துவிட வேண்டாம். புரிந்துகொள்ளக்கூடியவர், பிற்காலத்தில் தமக்காக முடிவெடுக்கவேண்டியவரை 21 வயதில் நீண்டகால அதிகாரப் பத்திரத்தில் தாமே குறிப்பிடலாம். அதற்குச் சான்றளிக்கும் மருத்துவரோ வழக்கறிஞரோ, வளர்த்தவரிடம் அல்ல, அந்த இளையரிடமே பேசி, அவர் புரிந்துதான் செய்கிறாரா என்று உறுதிசெய்துகொள்வார்.