தடித்த எழுத்தும் திண்டுக்கல் பலகையும்

அமெரிக்க மேற்குப் பகுதியின் பழைய சுவரொட்டிகளை நினைவூட்டும் தடித்த எழுத்துரு, கோட்டு முனைகளில் செரிஃப் எனப்படும் பட்டையான கட்டைகளைக் கொண்டது. 1827-இல் நியூயார்க்கின் டேரியஸ் வெல்ஸ் மர அச்செழுத்துகளை இயந்திரத்தால் பெருமளவில் செதுக்கத் தொடங்கிய பின்னரே, உலோகத்தில் வார்த்தால் பெருஞ்சுமையாகும் அளவுள்ள எழுத்துகள் மலிவாகக் கிடைத்தன. அச்சுவரொட்டிகள் நினைவூட்டும் குதிரைவீரர் உலகத்தை 1972-இல் வெளியான இயக்குநர் கர்ணனின் ‘கங்கா’ படமும், சிவகாசியின் லயன் காமிக்ஸ் வெளியிடும் டெக்ஸ் வில்லர் கதைகளும் தமிழருக்கு நெருக்கமாக்கின. ஆயினும், அவ்வெழுத்தின் கட்டைகளை அப்படியே தமிழ் வரிவடிவங்களின் முனைகளில் ஒட்டவைப்பது தவறான வழியாகும். 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற ‘திண்டுக்கல் பூட்டு’ என்னும் பெயரையே கடைப்பலகைக்காகத் தடித்த எழுத்தில் அமைத்துப் பார்த்தால், ‘ண்’ எழுத்தின் சுழிகளும் ‘க’வின் உள்வெளியும் அடைபட்டு, தெருவின் மறுபக்கத்திலிருந்து பார்ப்பவருக்குக் கருந்திட்டாகவே தெரியும். மேலைச் சுவரொட்டி எழுத்துகளுள் சில, நெடுங்கோட்டை மெலியவிட்டுக் கிடைக்கோட்டைத் தடிக்கச் செய்தவை என்பதே இங்குப் பயன்படக்கூடிய பாடம்; ‘ட’, ‘ப’, ‘ம’ ஆகியவற்றின் அடிக்கோடு அந்தப் பருமனை இயல்பாகவே தாங்கும், சுழிகளோ திறந்தே நிற்கும். தூரிகையால் பலகை எழுதிய ஓவியர்கள் இந்த எடைப் பங்கீட்டைக் கைப்பழக்கத்தால் அறிந்திருந்தனர் (அவர்களுடைய பலகைகள் எழுத்துருவியலுக்கான முதன்மைச் சான்றுகளே). நெகிழிப் பதாகைகள் அவற்றை அகற்றிவிடுமுன், திண்டுக்கல்லில் எஞ்சியுள்ள பலகைகளை ஒளிப்படமெடுத்து அளந்து, அந்த அளவுகளிலிருந்தே புதிய தமிழ் எழுத்துருவை வரையவேண்டும்.